கோபுரத்தை விட்டுவிட்டுப் பலகையை எடுங்கள்: கலிலியோவை வகுப்பில் நடத்துவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கலிலியோ என்ன செய்தார் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கனமான குண்டையும் ஒரு லேசான குண்டையும் போட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது பொய்யாகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையிலிருந்து ஒரு மாணவி எதை எடுத்துக்கொண்டு போகிறாள்? அறிவாளி ஒருவர் படியேறிப் போனார், ஒரே ஒரு முறை கையை விட்டார், பல நூற்றாண்டுத் தவறு அந்த நொடியில் தீர்ந்தது என்பதைத்தான். அறிவியல் அப்படி நடப்பதில்லை. கலிலியோவும் அப்படி வேலை செய்தவர் அல்லர்.

தொடக்ககால அறிவியலாளர்களை நாம் பள்ளியில் அறிமுகப்படுத்தும் முறையே பெரும்பாலும் இதுதான்: பெயர், பிறந்த ஆண்டு, கண்டுபிடிப்பு, ஒரு குட்டிக் கதை. ‘பொருத்துக’ கேள்விக்கு அது போதும். அந்த மனிதர் எந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார், கையில் என்ன கருவி இருந்தது, எங்கே தவறினார், பிறர் ஏன் நம்பவில்லை என்பதெல்லாம் வகுப்புக்குள் வருவதே இல்லை. இவற்றைச் சேர்த்து நடத்தினால் என்ன கிடைக்கும் என்பதைக் காட்ட, சரிந்த பலகையில் குண்டை உருளவிட்டு அளந்த கலிலியோவின் சாய்தளச் சோதனையை இங்கே முழுமையாக எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. இதில் ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது, அதன்மேல் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த சந்தேகமும் இருக்கிறது, அந்தச் சந்தேகத்தைத் தீர்த்த விதமும் இருக்கிறது. இதற்கான பொருள்களை வன்பொருள் கடையிலும் சமையலறையிலும் திரட்டிவிடலாம்.

கோபுரக் கதையின் வேர்

கலிலியோ 1589 முதல் 1592 வரை பைசா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். கோபுரத்திலிருந்து குண்டு போட்டதாக அவர் தம் கையால் எங்கும் எழுதி வைக்கவில்லை. கதையை எழுதியவர் வின்சென்சோ விவியானி. கலிலியோ பார்வை இழந்து முதுமையில் இருந்த கடைசி ஆண்டுகளில் உடனிருந்த இளைஞர் அவர். ஆசிரியர் 1642-இல் இறந்த பிறகு, 1654-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்; அது அச்சேறியது 1717-இல். ஆசிரியர்மேல் பக்தி கொண்ட ஒரு மாணவர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி என்று எழுதியது இது. இதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது.

குண்டு போட்டுப் பார்த்தவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். 1586-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின், நண்பர் ஒருவருடன் சேர்ந்து, ஒன்று மற்றொன்றைப்போல் பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமேல் போட்டார். இரண்டும் விழுந்த ஓசை ஒரே ஓசையாகக் கேட்டதாக எழுதினார். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, 6-ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஜான் ஃபிலோபோனஸ், எடையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் விழும் நேரத்தில் அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை என்று அரிஸ்டாட்டிலை மறுத்திருந்தார். முன்னோடி என்று நாம் ஒருவரை நிறுத்தும்போது அவருக்கு முன்னால் நின்றவர்களை மறைத்துவிடுகிறோம். மாணவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்வதால் கலிலியோவுக்குக் குறை ஏதும் வராது.

இளமையில் கலிலியோ எழுதி, வெளியிடாமல் வைத்திருந்த ஒரு கையெழுத்துப் படியில் இன்னொரு செய்தி இருக்கிறது. உயரத்திலிருந்து மரக்குண்டையும் ஈயக்குண்டையும் போட்டால் தொடக்கத்தில் மரம் முந்துகிறது, பிறகு ஈயம் அதைத் தாண்டிப் போகிறது என்று எழுதியிருக்கிறார். இது அபத்தமாகத் தோன்றியதால், அவர் சோதனையே செய்யவில்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். பிற்காலத்தில் தாமஸ் செட்டில் என்ற வரலாற்று ஆய்வாளர், உளவியலாளர் ஒருவருடன் சேர்ந்து இதைச் சோதித்தார். ஒரு கையில் கனமான பொருளையும் மறு கையில் லேசான பொருளையும் பிடித்திருப்பவர், இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவதாகவே நினைக்கிறார். ஆனால் கனத்தைத் தாங்கிக் களைத்த கை சற்றுத் தாமதமாகவே விரிகிறது. லேசானது உண்மையாகவே முன்னால் கிளம்பிவிடுகிறது. ஆக, கலிலியோ கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். காரணம் குண்டில் இல்லை, கையில் இருந்தது. கோபுரக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லட்டும். நேர்மையான பார்வையாளருக்கும் தவறான முடிவு கிடைக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை.

விழுவதை அளக்க முடியாத காலம்

எது முதலில் விழுகிறது என்ற கேள்வியோடு கலிலியோ நின்றுவிடவில்லை. விழும் பொருளின் வேகம் எந்த ஒழுங்கில் கூடுகிறது என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி. அதற்கு நேரத்தை அளந்தாக வேண்டும். இங்கேதான் வகுப்பில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இன்றைய மாணவர்களுக்கு நேரத்தை அளப்பது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

ஆள் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால் அது தரையைத் தொட எடுக்கும் நேரம் சுமார் 0.64 விநாடி. பைசா கோபுரத்தின் உயரம் 55 மீட்டர் அளவு. அதன் உச்சியிலிருந்து விட்டாலும் மூன்று விநாடிக்குச் சற்று மேல்தான். ஊசல் கடிகாரத்தை நெதர்லாந்து அறிவியலாளர் ஹைகன்ஸ் உருவாக்கியது 1656-இல். அதற்கு முன்பிருந்த இயந்திரக் கடிகாரங்களில் விநாடியை நம்பி அளக்க வழியில்லை. மாணவர்களின் கைக்கடிகாரங்களையும் சுவர்க் கடிகாரத்தையும் அப்புறப்படுத்திவிட்டு, ‘இந்தக் கல் விழும் நேரத்தை எப்படி அளப்பீர்கள்?’ என்று கேளுங்கள். நாடித்துடிப்பு என்பார்கள். ஒரு துடிப்புக்குள் கல் விழுந்துவிடுகிறது. எண்ணிக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தத் திணறல் வகுப்பில் உண்டாக வேண்டும்; அது உண்டாகும் வரை விடையைச் சொல்லக்கூடாது.

கலிலியோவின் வழி இரண்டு படிகள் கொண்டது. விழுதலை மெதுவாக்க வேண்டும். மெதுவானதை அளக்கும் கருவி வேண்டும். செங்குத்தாக விழுவதும் சரிவில் உருள்வதும் ஒரே வகை இயக்கம், சரிவு குறைந்தால் வேகம் குறையுமே தவிர ஒழுங்கு மாறாது என்று அவர் கருதினார். இது சாதாரணத் துணிச்சல் அல்ல. பலகையில் உருளும் குண்டும் மரத்திலிருந்து விழும் பழமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பலகையும் தண்ணீரும்

இந்தச் சோதனையை அவர் விவரித்தது 1638-இல் வெளியான கடைசி நூலில். 1633-இல் திருச்சபை விசாரணைக்குப் பிறகு ஃபிளாரன்ஸ் அருகே ஆர்செட்ரியில் வீட்டுக்காவலில் இருந்தார். இத்தாலியில் அச்சிட வழியில்லாததால் நூல் ஹாலந்தின் லைடன் நகரில் எல்செவியர் அச்சகத்தில் வெளியானது. அப்போது அவருக்கு 74 வயது. சோதனைகளைச் செய்ததோ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பதுவா நகரில் ஆசிரியராக இருந்தபோது.

அவர் எழுதியதன் சாரம் இது. சுமார் 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரற்கடைப் பருமன் கொண்ட ஒரு மரச்சட்டம். அதில் ஒரு விரலுக்குச் சற்று அதிக அகலத்தில் நேரான பள்ளம். பள்ளத்தை இழைத்து வழவழப்பாக்கி, மெருகேற்றிய தோல்தாளை உள்ளே ஒட்டியிருந்தார். கெட்டியான, மிக உருண்டையான ஒரு வெண்கலக் குண்டு. சட்டத்தின் ஒரு முனையை ஒன்று அல்லது இரண்டு முழம் உயர்த்திக் குண்டை உருளவிட்டார். நேரத்தை அளக்க, உயரத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர். அதன் அடியில் மெல்லிய குழாய். குண்டு உருளும் நேரம் முழுவதும் ஒழுகும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, நுட்பமான தராசில் நிறுத்தார். எடைகளின் விகிதமே நேரங்களின் விகிதம்.

முழு நீளத்தை உருள ஆகும் நேரத்தில் சரிபாதியில் குண்டு கால் பங்கு நீளத்தைக் கடந்தது. வேறு நீளங்களிலும், வேறு சரிவுகளிலும், நூறு முறைக்குக் குறையாமல் செய்து பார்த்ததில், கடந்த தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தது. நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு வரவில்லை என்கிறார்.

பாத்திரம் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்கலாம். சிறிய பாத்திரமாக இருந்தால் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், ஓட்டத்தின் வேகம் குறையும், கடிகாரம் மெதுவாகிவிடும். அகலமான பாத்திரத்தில் சில விநாடி ஒழுக்குக்கு மட்டம் இறங்குவது தெரியவே தெரியாது. இந்த ஒரு சொல்லில் கலிலியோவின் கைப்பழக்கம் முழுவதும் இருக்கிறது.

நம்பாதவர்கள்

நூலில் அளவுகளின் அட்டவணை எதுவும் இல்லை. விகிதம் சரியாக இருந்தது என்ற கூற்று மட்டும்தான் இருக்கிறது. எனவே சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரான்சில் மாரின் மெர்சென் என்ற துறவி தாமே சாய்தளங்களை அமைத்துப் பார்த்தார். தமக்குக் கிடைத்தவை ஒத்து வராததால், கலிலியோ இதை உண்மையிலேயே செய்தாரா என்று, இந்தக் கடைசி நூல் வெளிவரும் முன்பே, 1636-லேயே ஐயம் எழுப்பினார். 20-ஆம் நூற்றாண்டில் அறிவியல் வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்றான அலெக்ஸாந்தர் கொய்ரே, 1953-இல் எழுதிய கட்டுரையில், மரப்பள்ளத்தில் உருளும் வெண்கலக் குண்டையும் ஓட்டைப் பாத்திரத்துத் தண்ணீரையும் சுட்டிக்காட்டி, பிழைகள் மலிந்த இப்படிப்பட்ட ஏற்பாட்டிலிருந்து கிடைக்கும் எண்களுக்கு எந்த மதிப்பும் இல்லை என்றார். கலிலியோ சிந்தனையாலேயே விதியை அடைந்தார், சோதனை பின்னால் சேர்த்த அலங்காரம் என்பது அவருடைய கட்சி. அவருடைய செல்வாக்கால் அது பலருடைய கருத்தாகவும் ஆயிற்று.

1961-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் செட்டில் (மேலே கைக்களைப்புச் சோதனையில் வந்த அதே செட்டில்) ஒரு காரியம் செய்தார். வாதாடவில்லை, சோதனையைச் செய்தார். 18 அடி நீளப் பைன் மரப் பலகை, அதில் ஒரு பள்ளம், பில்லியர்ட் ஆட்டத்துக்கான ஒரு பந்து. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு ஒரு சாதாரணப் பூந்தொட்டி. அதன் அடித்துளையில் ஒரு கண்ணாடிக் குழாய். மூடித் திறக்கத் தம் விரல். கலிலியோவுக்குக் கிடைத்திருக்கக்கூடியதைவிட உயர்ந்த எதையும் பயன்படுத்துவதில்லை என்று கவனமாக இருந்தார். தொலைவு நேரத்தின் வர்க்கத்தோடு பொருந்தியது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் பூந்தொட்டியில் கிடைத்தது. ஆனால் ஒன்றை அவர் அழுத்திச் சொன்னார்: செய்பவருக்கு முதலில் கருவியோடு பழக்கம் வர வேண்டும், விரலை எடுப்பதும் குண்டை விடுவதும் ஒரு லயத்துக்கு வர வேண்டும். படித்து மட்டும் தீர்ப்புச் சொன்ன பேரறிஞருக்குத் தெரியாமல் போனது இதுதான். வகுப்பில் பாதிப் பேருக்காவது இந்த இடத்தில் கண் மலரும். ஒரு மாணவர், பூந்தொட்டியை வைத்துக்கொண்டு, துறையின் மூத்தவருக்குப் பதில் சொல்லிவிட்டார் அல்லவா?

107-ஆம் ஏடு

செட்டில் காட்டியது கலிலியோ இதைச் செய்திருக்க முடியும் என்பதை. செய்தார் என்பதற்கான சான்று ஃபிளாரன்ஸ் தேசிய மைய நூலகத்தில் இருந்தது. நகராட்சிக் கடன் பத்திரத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பிறகு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஸ்டில்மன் டிரேக், 1970-களில் அங்கே கலிலியோவின் வேலைக் குறிப்புகளைத் தாள் தாளாக ஆராய்ந்தார். யாரும் அச்சிடாமல் விட்டிருந்த தாள்கள் சில அவற்றில் இருந்தன. 107-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் எட்டு எண்கள்:

33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104.

அவற்றின் பக்கத்தில் 1, 4, 9, 16 என்று 64 வரை வர்க்க எண்கள். இவை சமமான எட்டு கால இடைவெளிகளின் முடிவில் குண்டு கடந்திருந்த தொலைவுகள் என்பது டிரேக்கின் முடிவு. அலகு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு சிறிய அளவு. காலம், 1604-ஐ ஒட்டியது என்று கணித்தார்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒன்றிலிருந்து முந்தையதைக் கழிக்கச் சொல்லுங்கள். 33, 97, 168, 228, 298, 368, 428, 484 என்று வரும். ஒவ்வொன்றையும் 33-ஆல் வகுத்தால் 1, 2.9, 5.1, 6.9, 9.0, 11.2, 13.0, 14.7. முழு எண்ணாக்கினால் 1, 3, 5, 7, 9, 11, 13, 15. இந்த இடத்தில் எந்த வகுப்பிலும் ஒரு சலசலப்பு எழும்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். விதியை முன்பே தெரிந்துகொண்டு ஒருவர் உட்கார்ந்த இடத்தில் எண்களை உருவாக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? 33-ஐ 4, 9, 16 ஆகியவற்றால் பெருக்கி 132, 297, 528 என்று எழுதியிருப்பார். ஏட்டிலோ 130, 298, 526 என்று இருக்கிறது. கடைசி எண் 2112-க்குப் பதில் 2104. இந்தச் சிறு விலகல்கள்தான் கலிலியோ பலகைக்குப் பக்கத்தில் நின்றார் என்பதற்குச் சாட்சி. செய்முறைத் தேர்வில் விடைக்கு ஏற்ப அளவுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு எதிராக ஆயிரம் அறிவுரை சொல்வதைவிட இந்த 130-ஐயும் 132-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவதையே நான் விரும்புவேன்.

சமமான கால இடைவெளிகளை அவர் எப்படிப் பிடித்தார்? டிரேக்கின் ஊகம் இசையை நோக்கிப் போகிறது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாத்தியக் கலைஞர், இசைக் கோட்பாட்டாளர். மகனும் அந்த வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்தவர். வீணைத் தண்டில் மெட்டுகள் இருப்பதுபோல லூட்டின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஆனால் அவை நரம்புக் கயிற்றால் கட்டப்பட்டவை, நகர்த்தக்கூடியவை. அதே மாதிரி நரம்புகளைப் பலகையின் குறுக்கே கட்டிவிட்டால், குண்டு ஒவ்வொன்றையும் தாண்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் எழும். ஒரே சீரான தாளத்தில் பாடிக்கொண்டே, சத்தமும் தாளமும் சேரும் வரை நரம்புகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பிறகு ஓர் அளவுகோல் போதும். தாளம் இம்மியளவு பிசகினாலும் கேட்பவர் முகம் சுளிக்கிறார் அல்லவா? நம் காது அவ்வளவு நுட்பமான கடிகாரம். இது ஊகமே என்பதை மாணவர்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை. டிரேக் செய்து பார்த்து நடக்கக்கூடியது என்று காட்டிய ஊகம்.

ஃபிளாரன்ஸ் அறிவியல் அருங்காட்சியகத்தில் மணிகள் பொருத்திய ஓர் அழகான சாய்தளம் இருக்கிறது. படத்தைப் பார்ப்பவர்கள் அதைக் கலிலியோவின் கருவி என்று எடுத்துக்கொள்வதுண்டு. அது அவர் காலத்துக்கு வெகு பின்னால் விளக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. படம் காட்டும்போது இதையும் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பில் செய்யும் விதம்

இரண்டு மீட்டருக்குக் குறையாத அலுமினியச் சானல் ஒன்று, அல்லது வீடுகளில் வயரிங் வேலைக்குப் பயன்படும் பிவிசி கேசிங் பட்டையின் அடிப்பகுதி. வளையாமல் இருக்க அதை ஒரு மரச்சட்டத்தின்மேல் வைத்துக் கட்ட வேண்டும். நடுவில் தொய்ந்தால் எல்லாம் கெடும். ஒரு நல்ல கோலிக்குண்டு. மேசைமேல் ஒரு வாளித் தண்ணீர். மீன்தொட்டிகளுக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அதில் இட்டு, உறிஞ்சி ஓடவிட்டு, முனையை விரலால் மூடிக்கொள்ளலாம். நிறுக்க ஒரு மின்னணுத் தராசு, இல்லையென்றால் மில்லிலிட்டர் கோடு போட்ட அளவு உருளை.

உயர்த்தும் முனையை 10 செ.மீ. தூக்கினால், 2 மீட்டர் உருள 3.4 விநாடியும், அரை மீட்டர் உருள 1.7 விநாடியும் ஆகும் என்று கணக்கு சொல்கிறது. பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்து நேரம் இன்னும் கொஞ்சம் கூடலாம், விகிதம் மாறாது. குழாயில் விநாடிக்கு 15 மி.லி. ஒழுகினால் முதலாவதற்கு 51 மி.லி., இரண்டாவதற்கு அதில் பாதி. ஆனால் இந்த எண்கள் ஆசிரியரின் பையில் இருக்கட்டும். கால் பங்குத் தொலைவுக்கு எவ்வளவு தண்ணீர் விழும் என்று மாணவர்கள் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுதி முடித்த பிறகே குண்டு உருள வேண்டும். பெரும்பாலோர் கால் பங்கு என்றுதான் எழுதுவார்கள்.

குண்டை விடுவதும் குழாயைத் திறப்பதும் ஒரே ஆளின் இரண்டு கைகளாக இருக்க வேண்டும். ஒருவர் ‘விடு’ என்று சொல்லி மற்றவர் விட்டால் வரும் தாமதம் அளவையே விழுங்கிவிடும். முடிவில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, குண்டு மோதும் சத்தத்தைக் கேட்டு விரலை வைக்க வேண்டும்; கண்ணைவிடக் காது இங்கே நம்பகமானது. முதல் பாடவேளையின் அளவுகள் தாறுமாறாக இருக்கும். அதற்காகக் கலங்க வேண்டாம். மெர்சென் நின்றுபோன இடம் அதுதான், செட்டில் கடந்துபோன இடமும் அதுதான் என்று சொல்லி அவர்களிடமே விட்டுவிடலாம். மறுநாள் கை பழகிவிடும். எல்லா அளவுகளையும், ஒத்து வராதவற்றையும் சேர்த்து, பேனாவால் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பாடவேளையில் தாளம். சானலைச் சுற்றி ரப்பர் பேண்டுகளைப் போட்டு, முனையை இன்னும் தாழ்த்தி, வகுப்பு முழுவதும் கையால் சீராக ஆதி தாளம் போட, எட்டு அட்சரத்துக்கும் சத்தம் சேரும்படி பேண்டுகளை நகர்த்தும் வேலையை இரண்டு பேரிடம் கொடுக்கலாம். பாட்டுக் கற்கும் பிள்ளைகள், கோயில் மேளத்தோடு வளர்ந்த பிள்ளைகள் இங்கே முன்னுக்கு வருவார்கள். அறிவியல் வகுப்பில் வழக்கமாகக் கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் அவர்களில் உண்டு. பேண்டுகளுக்கு இடையே உள்ள தொலைவுகளை அளந்து எழுதிய பிறகுதான் 107-ஆம் ஏட்டின் எண்களை வெளியே எடுக்க வேண்டும். தாங்களே அளந்து முடித்த கையோடு அந்த எண்களைப் பார்ப்பதும், பாடப்புத்தகத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல.

கலிலியோ தவறிய இடம்

1604 அக்டோபர் 16 அன்று வெனிஸிலிருந்த தம் நண்பர் பவோலோ சார்ப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். தொலைவு நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அடுத்தடுத்த தொலைவுகள் ஒற்றை எண்களாக வளர்கின்றன என்பவை அதில் சரியாகவே இருக்கின்றன. ஆனால் இவற்றுக்கு அடிப்படையாக அவர் வைத்த கொள்கை, விழும் பொருளின் வேகம் அது கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்பது. அது தவறு. வேகம் கூடுவது கடந்த நேரத்துக்கு ஏற்ப. சரியான அளவுகள் கையில் இருந்தும், சரியான விளக்கத்துக்கு வந்துசேர அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1638 நூலில் உரையாடுபவர்களில் ஒருவர் இதே தவறான கொள்கையைச் சொல்ல, மற்றவர், நம் ஆசிரியரே சில காலம் இதே பிழையில் இருந்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பதில் சொல்கிறார். தம் தவறைத் தம் பெரிய நூலிலேயே பதிந்துவைத்தார் கலிலியோ.

வகுப்பில் இதை விவாதமாக விடலாம். வேகம் தொலைவைப் பொறுத்தது என்றே வைத்துக்கொள்வோம். குண்டு இன்னும் கிளம்பவில்லை. கடந்த தொலைவு சுழி. அப்படியானால் வேகமும் சுழி. வேகம் சுழி என்றால் அது கிளம்புவது எப்படி? இந்த முடிச்சைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே அவிழ்ப்பார்கள். அவிழ்த்த பிறகு, கலிலியோவுக்கே இது உடனே பிடிபடவில்லை என்று சொன்னால், முடுக்கம் என்ற பாடத்தைக் கடினம் என்று ஒதுக்கிய பிள்ளைக்கும் துணிவு வரும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. மூன்று பாடவேளைகள் என்பது பருவத் தேர்வுக்கு முன்னால் பெரிய தொகை. எனினும் இது சோதிக்கப்படாத ஆசை அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் கோனன்ட், அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத மாணவர்களுக்கு அதன் இயல்பைப் புரியவைக்க, பாயிலின் காற்றழுத்த ஆய்வு, பாஸ்டரின் நொதித்தல் ஆய்வு போன்ற சில நிகழ்வுகளை மட்டும் ஆழமாக நடத்தும் முறையை 1940-களின் பிற்பகுதியில் தொடங்கினார். அதை உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிய லியோ கிளாப்ஃபர், நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புகளில் நடத்திப் பார்த்து, 1963-இல் முடிவுகளை வெளியிட்டார். வரலாற்று நிகழ்வுகளோடு படித்தவர்கள் அறிவியலும் அறிவியலாளர்களும் எப்படிச் செயல்படுகிறார்கள் என்பதில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பாட அறிவில் பின்தங்கவும் இல்லை. 1960-களில் ஹார்வர்டில் உருவான பள்ளி இயற்பியல் பாடத்திட்டம் ஒன்று, இந்தச் சாய்தளத்தையும் நீர்க்கடிகாரத்தையும் மாணவர் செய்முறையாகவே சேர்த்தது.

எல்லா அறிவியலாளரையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருவர் போதும். மற்றவர்கள் வழக்கம்போல ஒரு பத்தியில் வந்து போகட்டும்.

மதிப்பீட்டில் மட்டும் ஒரு மாற்றம் தேவை. ‘கலிலியோவின் கண்டுபிடிப்புகள் யாவை?’ என்று கேட்டால் மூன்று நாள் வேலையும் வீண். அதற்குப் பதிலாக, ஒத்துவராத ஓர் அளவு உள்ள அட்டவணையைக் கொடுத்து, அந்த அளவை என்ன செய்வாய், ஏன் என்று கேட்கலாம். வாளிக்குப் பதில் ஒரு டம்ளரை வைத்தால் முடிவு எப்படி மாறும் என்று கேட்கலாம். செய்தவர்களால் மட்டுமே இவற்றுக்கு எழுத முடியும்.

ஏழு என்ற விடை

ஒரு சிக்கலை ஆசிரியர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கெட்டிக்கார மாணவர்கள் இந்த அளவுகளிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடக் கிளம்புவார்கள். 2 மீட்டருக்கு 10 செ.மீ. உயரம் என்றால் சரிவு இருபதில் ஒன்று; முடுக்கம் 9.8-இல் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.49 வர வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது 0.35-ஐ ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இருபதால் பெருக்கினால் 9.8 வராது, 7 வரும். சோதனை தோற்றுவிட்டது என்று முகம் வாடும். உராய்வு என்று சொல்லிச் சமாளிக்கும் ஆசை ஆசிரியருக்கு வரும். அது காரணம் அல்ல.

குண்டு வழுக்கிக்கொண்டு போகவில்லை, உருண்டுகொண்டு போகிறது. இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதி முன்னோக்கிய நகர்வுக்கும், மீதி தன்னைச் சுற்றிச் சுழல்வதற்கும் செலவாகிறது. தட்டையான பரப்பில் உருளும் திண்மக் கோளத்துக்கு, வழுக்கும்போது கிடைக்கும் முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்குதான் கிடைக்கும், 9.8-இல் ஏழில் ஐந்து பங்கு சரியாக 7. பள்ளத்தின் இரு விளிம்புகள்மேல் உருண்டால் அதற்கும் குறையும். எந்தச் சரிவிலும் இந்தப் பங்கு மாறாததால் வர்க்க விதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கலிலியோவுக்கு விகிதம் மட்டுமே தேவைப்பட்டது. சுழற்சியின் கணக்கு அவர் காலத்தில் இல்லை. அதற்கு வேண்டிய நிலைமத் திருப்புத்திறன் என்ற பாடம் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. எனவே அந்த 7-ஐ அழிக்கவோ திருத்தவோ விடாமல், ‘விடை நிலுவையில்’ என்று பக்கத்தில் எழுதி, நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.